விட்டுப்போன பொத்தான்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பயிற்சி டாக்டர்கள் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு வேறு. அது ஒரு புதன்கிழமை காலையில் இறங்கியது.

முந்தின நாள் ஒரு தையல்காரர் வந்திருந்தார். ஒரு கிண்ணம் நிறைய ரத்தவாந்தி. கேமராவில் இரைப்பையில் லேசான சிராய்ப்பு. அதைத் தாண்டி முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதி வரை சுத்தம். நாங்கள் எல்லோரும் அங்கேயே திரும்பிவிடுவோம், அதுதான் வழக்கம். ரத்தம் தானாக நின்றிருந்தது. இத்தனை ரத்தம் இந்தச் சிராய்ப்பிலிருந்தா என்று மனம் ஒரு முறை முணுமுணுத்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

தாளோடு போனபோது அவர் சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அந்தச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஊருக்கெல்லாம் தைச்சுக் கொடுக்கறாரு டாக்டரம்மா, தன் சட்டைக்கு ஒரு பொத்தான் இல்ல. இப்படியே பஸ்ல வர்றேங்கறாரு.”

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை ஒரே தழும்பு. கேஸ் தாளில் ‘பழைய வயிற்று ஆபரேஷன்’ என்று ஒற்றை வரி இருந்தது. படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன்.

“இது எதுக்குப் பண்ணது?”

“பெரிய ரத்தக்குழாய் வீங்கிடுச்சுன்னு, துணியில ஒரு குழாய் வெச்சுத் தைச்சாங்க. ஆறு வருஷம் ஆச்சு” என்றார் தையல்காரர்.

“ஏன் சொல்லல?”

“வயித்துக்கோளாறு இருந்துச்சான்னுதான் கேட்டீங்க. இது ரத்தக்குழாயாச்சே?”

அந்தத் துணிக்குழாயின் மேல்தான் முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி படிந்து கிடக்கும். நான் போகாத இடம். வருஷக்கணக்கில் உரசி, இரண்டும் ஒட்டி, நடுவில் ஓட்டை விழலாம். முதலில் கொஞ்சம் ரத்தம் வரும், பிறகு உறைந்து அடைத்துக்கொள்ளும். எல்லோரும் நிம்மதியாக இருப்போம். அந்த அடைப்பு விட்டால் ஆள் பிழைப்பது அபூர்வம்.

“எழுந்திருக்காதீங்க. அப்படியே படுங்க.”

“தையல் விட்டுப்போச்சா டாக்டர்?” தொழில்காரர் அல்லவா.

“இருக்கலாம். ஸ்கேன் பார்த்துடலாம்.”

ஸ்கேனில் துணிக்குழாயைச் சுற்றிக் காற்றுக்குமிழ்கள், அதோடு ஒட்டிக்கொண்ட குடல். ரத்தக்குழாய் சர்ஜனை ஓடிவரச் சொன்னேன். ஆபரேஷன் மேஜையில் கிடத்தும்போதே அடைப்பு விட்டது. சர்ஜன் கையுறையோடு தயாராக நின்றதால் உயிர் தப்பியது. அவர்கள் ஏறவிருந்த பஸ் அந்நேரம் பாதி வழியில் போய்க்கொண்டிருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, இருவரும் கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீங்க மட்டும் இல்லேன்னா...”

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. “இல்லம்மா. அன்னிக்கு நான் கையெழுத்தே போட்டாச்சு. அவர் சட்டை போட்டிருந்தா தாளைக் கொடுத்துட்டுப் போயிருப்பேன்.”

என் கையை விட்டார். கணவரின் சட்டையைப் பார்த்தார். அதே சட்டை.

“அன்னிக்கு ஊசியில நூல் கோக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. விடு, போலாம்னு இவரு எழுந்தாரு. நாந்தான் திட்டி உக்கார வெச்சேன்.”

அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.