மூட்டைக்காரன் தாண்டும் ஆறு

புதிய மின்சுற்றுப் பலகை பழைய பெட்டிக்குள் உட்கார மறுத்தது. ஒரு மூலையில் திருகாணித் துளை மயிரிழை தள்ளியிருந்தது. பாரதி சின்ன அரத்தை எடுத்துத் துளையின் ஓரத்தை மெல்லத் தேய்த்தாள். பச்சைத் தூள் மடியில் உதிர்ந்தது. மறுபடி வைத்துப் பார்த்தபோது பலகை ஒரு சிறு சத்தத்துடன் தன் இடத்தில் அமர்ந்தது. ஜன்னல் வழியே தியாகதுருகம் மலைக்கோட்டையின் பாறைகள் மாலை வெயிலில் ஊறிக்கொண்டிருந்தன.

அவளும் அண்ணன் சுப்புராயனும் சிறு வயதில் விளையாடிய டிவி கேம் பெட்டி அது. பரணில் எலிகள் குடியிருந்து உள்ளே இருந்த பழைய பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிட்டிருந்தன. அதன் நடுவில் கறுப்புப் பொட்டாகக் காய்ந்துகிடந்த மின்னணுச் சில்லு இப்போது எங்கும் கிடைக்காது. பாரதி வீட்டிலிருந்தே கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்பவள். வயலில் போர் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று போனுக்குச் சொல்லும் பலகைகளை வரைவதுதான் அவள் வேலை. அதே கணினியில் இதையும் வரைந்தாள். கேசட் செருகும் வாய், ஜாய்ஸ்டிக் கம்பிகள் நுழையும் இரண்டு ஓட்டைகள், ரீசெட் பொத்தான் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே மட்டும் எல்லாம் வேறு. எந்தச் சில்லின் நிரலை ஏற்றினாலும் அந்தச் சில்லாகவே நடந்துகொள்ளும் ஒரு சில்லை நடுவில் வைத்தாள். பழைய சில்லுக்கான நிரலைக் கடலுக்கு அப்பால் யாரோ சிலர் ஆசைக்காக எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைத்திருந்தார்கள். அதை அப்படியே ஏற்றினாள். வெள்ளம் கொண்டுபோன ஒரு ஊரை, அதே வேலிக்குள் புதுத் தெருக்களோடு எழுப்புவது போல அவளுக்குத் தோன்றியது. ஊர்க்காரர்கள் திரும்பி வந்தால் வழி கண்டுபிடிப்பார்களா என்று தெரியவில்லை.

அண்ணி செவ்வந்திக்கு அதில் நம்பிக்கை இல்லை. பலகை கூரியரில் வந்த அன்று அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இம்மாத்துண்டுக்கா இத்தினி நாளா கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு இருந்த? வெத்தல சைஸ்கூட இல்ல."

ஆனால் பெட்டியின் மேல்மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கொடுத்தது அவள்தான். அவளிடமும் வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

சுப்புராயன் குட்டியானை லோடு வண்டி ஓட்டியவன். வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, கல்வராயன் மலை வளைவு ஒன்றில், பனியில் வண்டி சாய்ந்தது. எலும்புகள் கூடிவிட்டன. வலது கை மட்டும் அவனுடையது இல்லாதது போல மடியில் கிடந்தது. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். நரம்பு தோளிலிருந்து விரலை நோக்கி மெல்ல வளர்ந்து வருகிறது, அது வந்து சேரும்போது விரல்கள் இறுகிப்போயிருந்தால் வந்தும் பயனில்லை, தினமும் அசைக்க வேண்டும். சுப்புராயன் அசைக்கவில்லை. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சின்னப் பிள்ளை வேலை என்றான். செவ்வந்தி கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்தாள். கட்டைவிரல் மட்டும் எப்போதாவது தூக்கத்தில் துடிப்பதைப் பார்த்து ஒரு நாள் பாரதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த விரலைப் பார்த்தபோதுதான் பாரதிக்குப் பரணில் இருந்த பெட்டியின் நினைவு வந்தது.

அரசு கொடுத்த இலவச டிவி இன்னும் ஓடியது. பாரதி கேசட்டைச் செருகினாள். திரையில் நீல ஆறு விரிந்தது. தலையில் மூட்டையோடு ஒரு குட்டி ஆள் கரையில் வந்து நின்றான். அந்த விளையாட்டுக்கு ஏதோ பெயர் இருந்திருக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவன் மூட்டைக்காரன். மூழ்கி மூழ்கி எழும் கற்களின் மேல் குதித்துக் குதித்து அவன் அக்கரை போக வேண்டும். ஒரு காலத்தில் சுப்புராயன் கண்ணை மூடிக்கொண்டே அவனை அக்கரை சேர்ப்பான். பார்ப்பதற்குக் கூட்டம் வாசல் வரை நிற்கும்.

சுப்புராயன் ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டான். அதுவே பெரிய விஷயம். இடது கையால் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்து, இடது விரலாலேயே வலது கட்டைவிரலை அழுத்தினான். மூட்டைக்காரன் ஓடினான், முதல் கல்லுக்கு முன்பே தண்ணீரில் விழுந்தான். மறுபடி விழுந்தான். கல் எப்போது எழும் என்று சுப்புராயனின் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவன் நினைத்த நேரத்தில் கல் ஏற்கெனவே எழுந்து மூழ்கிவிட்டிருந்தது. பாரதி அவன் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் முயன்ற பிறகு அவன் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்தான்.

"கைதான் செத்துப்போச்சுன்னு பாத்தேன். மூளையும் கூடவே போய்க்கினு இருக்குது."

இனி கள்ளக்குறிச்சிக்கு வர முடியாது, டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு என்று செவ்வந்தியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். செவ்வந்தி அடுப்படியில் பாத்திரங்களை வழக்கத்தைவிட மெதுவாகக் கழுவினாள். அதுதான் பாரதிக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்தது. மேற்கே கல்வராயன் மலை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். துணி எடுக்க மாடிக்குப் போகும்போது, அறைக்குள் சுப்புராயன் முனகுவது கேட்டது. மூட்டைக்காரன் பாட்டு, ஆற்றங்கரையில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன மெட்டு. அவன் தனக்குத் தெரியாமலே முனகிக்கொண்டிருந்தான். மெதுவாக, மிக மெதுவாக. நேற்றுப் பெட்டியில் கேட்டதற்கும் இதற்கும் சேரவில்லை. அண்ணனுக்குப் பாட்டுகூடத் தளர்ந்துவிட்டது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஈர வாசனை. பாதித் துணி தோளில் சேர்ந்த பிறகுதான், தானும் அதையே முனகிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். தானும் அதே மெதுவான வேகத்தில்.

துணியோடு கீழே ஓடினாள். செவ்வந்தி முறத்தில் மல்லாட்டை கொட்டி, சொத்தைக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நைனார்பாளையத்துப் பெண். அவள் மாமா வீட்டிலும் இதே பெட்டி இருந்தது என்று எப்போதோ சொல்லியிருந்தாள்.

"அண்ணி, மூட்டைக்காரன் பாட்டு ஞாபகம் இருக்குதா? பாடுங்க."

"இன்னா, பைத்தியமா உனக்கு?"

"பாடுங்க அண்ணி."

செவ்வந்தி மல்லாட்டையைப் பார்த்தபடியே பாடினாள். சுருதி எங்கெங்கோ போனது. வேகம் மட்டும் அண்ணன் முனகியதிலிருந்து பிசகவில்லை.

பாரதி சிரித்தாள். பிறகு முறத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு பிறந்த நாட்டில் டிவி ஒரு நொடிக்கு அறுபது படம் வரையும். இங்கே ஐம்பதுதான், நம் கரண்ட்டின் துடிப்பு ஐம்பது என்பதால். விளையாட்டும் பாட்டும் அந்தப் படக் கணக்கில்தான் நகரும், இங்கே விற்ற பெட்டிகள் ஐம்பதாகவே எண்ணின. அதனால் மூட்டைக்காரன் இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம், யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் மெதுவாகவே ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தான். கடலுக்கு அப்பால் நிரல் எழுதியவர்கள் தங்கள் ஊர்க் கணக்கில் அறுபது வைத்திருந்தார்கள். கல்லூரியில் படித்த விஷயம்தான். மோட்டார் பலகைகளில் தினமும் பார்க்கும் எண்தான். அவள் நிரலில் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. சரியானதை ஏற்றுகிறோம் என்ற நம்பிக்கையில், அண்ணன் உடம்பில் ஊறியிருந்த நேரத்தை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டாள்.

நிரலைத் திருத்திச் சில்லில் ஏற்றிவிட்டு, டிவியையும் பெட்டியையும் அவன் அறைக்கே தூக்கிக்கொண்டு போனாள். மழை பிடித்துக்கொண்டது. சுப்புராயன் திரும்பிப் பார்க்கவில்லை. மெட்டு தொடங்கியதும் அவன் முதுகு அசையாமல் நின்றதை அவள் கண்டாள். நெடுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தான். திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எனக்காவ கம்மி பண்ணியா?"

"இல்லண்ணா. நேத்து வச்சதுதான் தப்பு."

"பொய் சொல்லாத பாரதி. கை வராதவன்தானன்னு கொறச்சிக்கினு வந்திருக்க. எடுத்துக்கினு போ."

ஐம்பதும் அறுபதும் அவள் நாக்கு வரை வந்தன. சொன்னால் அதையும் ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்வான் என்று தோன்றியது.

"நீ முனகிக்கினு இருந்தியே, அந்தப் பாட்ட இப்ப பாடு. பொட்டியோட சேருதா இல்லியான்னு நீயே பாரு."

வாசற்படியில் வந்து நின்றிருந்த செவ்வந்தி, யாரும் கேட்காமலே பாட ஆரம்பித்தாள். பெட்டியின் மெட்டோடு அவள் குரல் அடிக்கு அடி சேர்ந்து நடந்தது, சுருதி மட்டும் வேறு ஊரில் இருந்தது. சுப்புராயன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடி. மூட்டைக்காரன் தானா ஆத்துல குதிச்சிருவான்."

"நீங்க ஒழுங்கா பாடுனா நான் ஏன் பாடறேன்."

அவன் பாடவில்லை. ஆனால் உதடு அசைந்தது. முனகல் முதலில் மூச்சாக வந்தது, பிறகு மெட்டாயிற்று. அது பெட்டியின் மெட்டுக்குள் போய் மறைந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. சுப்புராயன் வலது கையைத் தூக்கி ஜாய்ஸ்டிக்கின் மேல் வைத்தான். கட்டைவிரலை இடது கையால் பிடித்து, தூங்கும் குழந்தையை நகர்த்துவது போலப் பொத்தானின் மேல் படுக்க வைத்தான். பிறகு இடது கையை எடுத்துவிட்டான்.

திரையில் மூட்டைக்காரன் கரையில் காத்திருந்தான். கற்கள் எழுந்தன, மூழ்கின, எழுந்தன. யாரும் அவனை ஓடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். அவனுக்குத் தோளில் துண்டு இருந்ததே மூன்று பேருக்கும் அதுவரை தெரியாது. சிறு வயதில் யாரும் அவனை இவ்வளவு நேரம் நிற்க விட்டதில்லை. அவன் குனிந்து மூட்டையை மறுபடி தூக்கி வைத்துக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பினான். முதல் கல் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. பொத்தானின் மேல் கட்டைவிரலின் நகம் மெல்ல வெளுத்தது.