இறாலில் ஏறிய வாசம்

இறால் வியாபாரி ராஜதுரை அண்ணாச்சி சரக்கு எடுக்கும் முன் ஒரு கை இறாலை அவித்துப் பார்ப்பார். அன்று மூடியைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசம். பச்சையாக இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. ஆவி வந்ததும் கொட்டகை முழுக்கத் தெரிந்தது.

"மருந்து போட்ட சரக்கு. யாரு வேலைன்னு பாத்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

கடற்கரையில் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கொட்டகை அது. இறாலை உரித்துக் கழுவி ஐஸ் போட்டுக் கொடுப்பார்கள். மரியசெல்வி அக்காதான் தலைவி. நான் உள்ளூர் இல்லை, ஏரல்காரி; எம்.எஸ்சி. வேதியியல். சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை.

அன்றைய இறால், எங்களோடு உரிக்கும் டயானாவின் கணவன் ரோச்சின் படகில் வந்தது. ஐஸ் தீர்ந்துபோய், கெடாமல் இருக்க அவன் பார்மலின் ஊற்றியிருப்பான் என்று பேச்சுக் கிளம்பியது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மரியசெல்வி அக்கா டயானாவிடம் சொன்னார். டயானா கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள், அடுத்ததை எடுத்தாள்.

பார்மலின் என்றால் கண் எரியும். இங்கே யாருக்கும் கண் எரியவில்லை. இந்த வாசத்தைக் கல்லூரி ஆய்வகத்தில் முகர்ந்திருக்கிறேன். பீனாலில் புரோமின் தண்ணீரை ஊற்றியதும் வெள்ளையாகத் திரியும் பொருளின் வாசம். ஆனால் இறால் கொட்டகைக்குப் பீனால் எப்படி வந்தது?

மாதா கோயில் திருவிழாவுக்கு முன் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, கொட்டகையை மந்திரித்துவிட்டுப் போவது வழக்கம். இந்த முறை அவர் வருவதற்கு முந்தைய நாள் நான் ஊருக்குப் போயிருந்தேன். என்ன நடந்தது என்று இப்போது விசாரித்தேன். மரியசெல்வி அக்கா வீட்டிலிருந்து கருப்புப் பினாயில் கொண்டுவந்து, தளத்தோடு சேர்த்து, இறால் கழுவும் தொட்டியையும் தேய்க்க வைத்திருக்கிறார். பினாயில் வாசம் இல்லாத இடம் அவர் கணக்கில் கழுவாத இடம். குழாய்த் தண்ணீர் வராததால் மோட்டார் போட்டுக் கடல் தண்ணீரை எடுத்திருக்கிறார்கள். அதன் மேல் எப்போதும் போல பிளீச்சிங் பவுடர்.

கடல் தண்ணீரில் புரோமைடு உப்பு உண்டு. பிளீச்சிங் பவுடர் அதைப் புரோமினாக மாற்றிவிடும். ஆறு கார்பன் அணுக்கள் கோத்த வெறும் பென்சீன் வளையமாக இருந்தால் அந்தப் புரோமினைக் கண்டுகொள்ளாது. இரும்பு போன்ற ஒன்று இடையில் நின்று தூண்ட வேண்டும். வளையத்தில் நைட்ரோ தொகுதி இருந்தால் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வளையம் இன்னும் மந்தமாகிவிடும். யாரோடும் சட்டென்று ஒட்டாத எனக்கு வகுப்பில் நைட்ரோபென்சீன் என்றே பெயர். ஆனால் கருப்புப் பினாயிலில் இருப்பவை பீனாலும் கிரசாலும். அவற்றில் வளையத்தோடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் தன் எலக்ட்ரானை உள்ளே தள்ளும். பக்கத்து இடங்கள் இரண்டும் எதிர் இடமும் எலக்ட்ரானில் செழித்துப்போகும். யாரும் தூண்டாமலே புரோமின் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி உண்டாகும் பொருள் துளி இருந்தாலும் மூக்குக்குத் தெரியும்.

இவ்வளவும் மனதுக்குள் சரியாக வந்தது. வாய்க்குத்தான் வரவில்லை. சொன்னால் பழி மரியசெல்வி அக்கா மேல் போகும். எனக்கு வேலை கொடுத்தவர் அவர். சொல்லாவிட்டால் டயானா போய்விடுவாள்.

மறுநாள் காலை ரோச் கரை சேர்ந்ததும் ஒரு கூடை இறால் கொட்டகைக்குக் கொண்டுவரும்படி டயானாவிடம் முந்தின நாள் சாயங்காலமே கேட்டிருந்தேன்; கொண்டுவந்தாள். பாதியைத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். மீதியைப் புது வாளியில், கேன் தண்ணீரில் கழுவினேன். இரண்டு சட்டிகளில் அவிய வைத்தேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

மரியசெல்வி அக்காவே மூடிகளைத் திறந்தார். ஒரு சட்டியில் ஆஸ்பத்திரி. இன்னொன்றில் இறால்.

"ரெண்டும் ஒரே வலையில புடிச்சதா?"

"ஒரே வலைதான் அக்கா. நீங்க பாக்கத்தான கூடையைக் கொட்டுனேன்" என்றாள் டயானா.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தொட்டியிலதான் இருக்கு அக்கா. பினாயிலு, பிளீச்சிங் பவுடரு, கடல் தண்ணி. மூணும் சேந்ததால வந்த வாசம். ரோச் அண்ணன் ஒண்ணும் ஊத்தல."

அக்கா இரண்டு சட்டிகளையும் மறுபடி முகர்ந்தார். தொட்டியின் சிமென்ட்டை விரலால் தேய்த்து அதையும் முகர்ந்தார்.

"சாமியார் வார இடம் சுத்தமா இருக்கணும்னுதானளா ஊத்துனேன்."

விரலைச் சேலையில் துடைத்தார். பிறகு டயானாவைப் பார்த்து, "நீ எங்கேயும் போவாண்டாம். நான்தான் வாயை அடக்கியிருக்கணும்" என்றார்.

"அப்ப எம் புருசன் பேரையும் நல்ல தண்ணி ஊத்தி அலசி விடுங்க அக்கா. நேத்தே ஊரு பூரா நாறிப்போச்சு" என்றாள் டயானா.

முதலில் சிரித்தது மரியசெல்வி அக்காதான். சிரித்தபடியே அண்ணாச்சியின் எண்ணைப் போட்டுப் போனை என் கையில் வைத்தார். "நீயே சொல்லு. எனக்கு அந்த மூணு சாமான் பேரையும் வரிசையாச் சொல்ல வராது."

எனக்குப் போனில் பேசுவது நேரில் பேசுவதைவிடக் கடினம். ஆனாலும் சொன்னேன். வளையம், ஆக்சிஜன், புரோமின் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டதால் இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

"அந்த வளையம் கெடக்கட்டும்மா. தொட்டியை என்ன செய்யப் போறீங்க?"

சிமென்ட்டில் ஊறிவிட்டது, மேல்பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூச வேண்டும், அதுவரை வாளியில்தான் கழுவுவோம், இனிப் பினாயில் உள்ளே வராது என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மரியசெல்வி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"சாயங்காலம் வாரேன். அவிச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். ரோச் வலை இறாலே இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், டயானா உரிக்க உட்கார்ந்திருந்தாள். இருக்கிற வாளி பத்தாது என்றாள். நான் கடைக்குக் கிளம்பினேன்.