வைஃபை பெட்டிகளின் கூச்சல்

மொழிப்பயிற்சி நிலையத்தில் வைஃபை மறுபடியும் படுத்துவிட்டது. வகுப்புக்கு வகுப்பு கூரையில் ஒரு வைஃபை பெட்டி இருந்தும், ஆன்லைன் மாணவர்களின் முகங்கள் திரையில் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றன.

"இன்னும் பவரைக் கூட்டேன்டி!" நிலையத்தை நடத்தும் அண்ணிக்கு வெண்கலத் தொண்டை. மாடிப்படி வரை கேட்டது.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. அங்கே நெட்வொர்க் வேலை அவளுடையது. புகார் வரும்போதெல்லாம் சிக்னல் பவரைக் கூட்டிக் கூட்டி, எல்லாப் பெட்டிகளையும் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தியவளும் அவளேதான். அதுவும் ஒரே சேனலில், ஒரே அலைவரிசையில். ஒரே அறையில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினால் யார் காதில் எது விழும்?

"குறைக்கப் போறேன் அண்ணி."

"கிறுக்கா உனக்கு? இருக்கிறதே வரலை!"

"கொஞ்ச நேரம் கத்தாம இருங்க. பெட்டிகளைச் சொல்லலை, உங்களைத்தான்."

மடிக்கணினியை விரித்தாள். அடுத்தடுத்த பெட்டிகளுக்கு வெவ்வேறு சேனல் கொடுத்தாள். ஒவ்வொன்றின் பவரையும் அதனதன் வகுப்புக்கு மட்டும் எட்டும்படி இறக்கினாள். அண்ணி பக்கத்திலேயே நின்று பல்லைக் கடித்தாள்.

கடைசிப் பெட்டியும் முடிந்ததும், உறைந்திருந்த முகங்கள் கண் சிமிட்டின. ஒருத்தி சிரித்தாள். எல்லா வகுப்புகளிலும் பாடம் தங்குதடையின்றி ஓடத் தொடங்கியது. நாத்தனார் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள்.

பிறந்ததிலிருந்து இறங்காத அண்ணியின் குரல் அன்றுதான் இறங்கியது.

"கெட்டிக்காரிடி நீ."

அந்தக் கிசுகிசுப்பு, ஓர் எழுத்துகூடச் சிதறாமல் வந்து சேர்ந்தது.