பூஜைக்குப் பிறகு காணாமல் போன பைல்கள்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் எங்கள் காபிக் கம்பெனி ஆபீசில் ஞானசுந்தரி என்று யாரைக் கேட்டாலும், "அந்தச் சிடுமூஞ்சி அம்மாவா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் செய்ததை இல்லையென்று சாதிக்கிறவள் என்று என்னை ஒருத்தரும் சொன்னதில்லை, தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி வரைக்கும்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்டேட் ஆட்கள் பட்டியலும் கடிதங்களும் பார்த்துக்கொள்ள நான், கணக்குக்குப் பெரியண்ணன், லோடு அனுப்ப மரியதாஸ், கூட்டிப் பெருக்கி டீ வைக்கக் கண்ணம்மாள். எங்கள் மூவர் மேஜையிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் உண்டு. மேஜையில் இருப்பதில் டைப் அடிக்கலாம், அவ்வளவுதான். அடித்த பைல் எல்லாம் ஒயர் வழியாக மூலையில் இருக்கும் ஒரே பெட்டிக்குப் போய்ச் சேரும். அதற்குப் பெயர் சர்வர்.

அந்தச் சர்வரில் இடம் நிரம்பிவிட்டது, புதிது போட வேண்டும் என்று சேலம் ஹெட் ஆபீசில் முடிவு செய்தார்கள். நான் வேண்டாம் என்றேன். "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்குங்க சார் நோண்டறீங்க?" என்று சேலத்திலிருந்து வந்திருந்த மேனேஜர் வெங்கடாசலத்திடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிற்பாடு அந்த ஒரு பேச்சைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

புதுப் பெட்டியைப் பொருத்தச் சேலத்திலிருந்து ஜேசுதாஸ் வந்தான். கம்ப்யூட்டர் கடைப் பையன் என்று நினைக்க வேண்டாம், மீசை நரைக்க ஆரம்பித்த ஆள். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழையதில் இருந்த அத்தனை பைலையும் புதியதில் இறக்கினான். புதியதற்கும் பழையதன் பெயரையே வைத்தான்.

"பேரை மாத்துனா உங்க மூணு மெசின்லயும் நான் உட்கார்ந்து மாத்தோணுங்க. அதே பேரு இருந்துட்டா உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதுங்க்கா" என்றான். பழையதன் திரையைக் கழற்றிப் புதியதற்கு மாட்டினான். பழைய பெட்டியைப் பக்கத்திலிருந்த சாக்கு ரூமில் கொண்டுபோய் வைத்து, அங்கேயும் ஒரு ஒயரை இழுத்துச் செருகினான். புதியது மக்கர் பண்ணினால் ஒரு சொடுக்கில் இதைப் போட்டுக்கொள்ளலாமாம். நானும் தலையாட்டினேன்.

அடுத்தவர் பைலைத் தொட, அழிக்க எல்லாம் ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அதை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஆபீசில் மூத்தவள் நான். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் சேலத்திலிருந்து மாலையும் பொரியும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் பொரிக்கும் சுண்டலுக்கும் எனக்குப் பேதம் கிடையாது. ஜீப், தராசு, டைப்ரைட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கண்ணம்மாள் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கற்பூரம் காட்டி முடித்ததும், மேனேஜர் வாய் நிறையப் பொரியோடு, "ஒரு மெசினையும் விட்டுறாதீங்க. எல்லாத்தையும் ஒருக்கா ஓட்டிருங்க, அப்பத்தான் பூஜை போட்டதுக்கு அர்த்தம்" என்றார். எல்லாவற்றையும் ஓட்டினோம். ஜீப் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனது.

அதற்கப்புறம்தான் மழை பிடித்தது. பைத்தியமும் பிடித்தது.

கரடியூர் எஸ்டேட்டுக்குப் புதிதாகச் சேர்ந்த ஆட்களின் பட்டியலை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அடித்தேன். மறுநாள் காலையில் அது இல்லை. பெயரை மாற்றி வைத்துவிட்டேனோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இல்லவே இல்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி அடித்தேன். மத்தியானம் கரண்ட் போய் வந்தது. திறந்தால், நேற்று அடித்த பட்டியல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, இன்றைக்கு அடித்ததைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்பவும் அதேதான்.

பெரியண்ணனுக்கும் இதே கதி. "ஏனுங்க ஞானசுந்தரியம்மா, கரண்ட் போனா பைலும் கூடவே போயிருமுங்களா?" என்று கேட்டார்.

"கரண்ட் வந்தா திரும்பி வருதே, அது எப்படிங்க?"

அவர் யோசித்தார். "எதுக்கும் மலைமேல சேர்வராயன் சாமிக்கு ஒரு தேங்காய் நேந்துக்கறேனுங்க."

"நான் மாதாவுக்கு மெழுகுவத்தியே ஏத்தியாச்சு. அடுத்த ஆளைப் பாருங்க" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரு தடவை, அடித்த கையோடு பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் பைல் இல்லை, காகிதம் மட்டும் கையில் இருக்கிறது. அதைப் பெரியண்ணனிடம் நீட்டினேன். அவர் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எந்த மெசின்ல அடிச்சதுங்க?" என்றார். என் மெசினில்தான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே சுகம் சாயங்காலம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வதுதான். காலையில் குடை பிடித்து நடந்து வந்தாலும் ஸ்வெட்டர் நனைந்து கனத்துப் போயிருக்கும். கண்ணம்மாள் வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். வேலை முடிந்து கிளம்பும்போது அது மொறுமொறுவென்று காய்ந்து, சூடு ஆறாமல் கைக்கு வரும். ஐப்பசி மழையில் ஏற்காட்டில் ஒரு கைக்குட்டையைக் காயவைத்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும். டீ அடுப்பில் காயவைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சர்ச் திருப்பம் வரைக்கும் அந்தச் சூடு முதுகில் இருக்கும். அதுவரைக்கும் பைல் ஞாபகம் வராது.

பிறகு மரியதாஸின் லோடு பைல் காணாமல் போனது. அவன் அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "எம்பேர்ல இருக்கற பைலை நான் அழிக்கலாம். இல்லீன்னா பாஸ்வேர்டு வெச்சிருக்கறவங்க அழிக்கலாம். நான் அழிக்கலீங்க" என்றான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

ஜேசுதாஸைக் கூப்பிட்டார்கள். அவன் வந்த அன்று குப்பனூர் ரோட்டில் மரம் சாய்ந்து லைன் அறுந்து, மலையில் பொழுதுக்கும் கரண்ட் இல்லை. புதுச் சர்வருக்கு மட்டும் பாட்டரி இருந்ததால் அதை மட்டும் போட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மெசின்ல ஒரு குத்தமும் இல்லீங்க. மரியதாஸ் அண்ணன் சொல்ற பைலு இதுல இல்லவே இல்லை. யாரோ அழிச்சிருக்காங்க" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மேனேஜர் போனில் பேசினார். வெள்ளிக்கிழமை வருகிறாராம். பாஸ்வேர்டை ஒப்படைத்துவிட்டு நான் சேலம் குடோன் வேலைக்குக் கீழே இறங்கிவிட வேண்டுமாம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் வந்தால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும், அது எல்லாருக்கும் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தவன் வேலையை அழித்தவள் என்ற பேரோடு கீழே இறங்குவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஜேசுதாஸையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வந்தார். ஜீப்பின் படுதா கிழிந்திருந்ததில் அவர் கோட்டு தெப்பமாய் நனைந்திருந்தது. அதைக் கழற்றிக் கண்ணம்மாளிடம் கொடுத்துவிட்டு, என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியண்ணனும் மரியதாஸும் தங்கள் திரையைப் பார்ப்பதுபோல இருந்தார்கள்.

"உங்க பாஸ்வேர்டு இல்லாம மரியதாஸ் பைலை வேற யாரும் அழிக்க முடியாதுங்கறாரு ஜேசுதாஸ். புது மெசின் வேண்டாம்னு அன்னைக்கு நின்னதும் நீங்கதான். நான் என்னங்க நெனைக்கட்டும்?"

"என்ன வேணாலும் நெனைச்சுக்குங்க. நான் அழிக்கலீங்க."

"அப்ப யாருங்க?"

அந்த இடத்தில்தான் என் கோபம் என்னைக் கைவிட்டது. அடித்ததைக் காணோம், காணாமல் போனது வந்து நிற்கிறது, வந்தது மறுபடி போகிறது. இத்தனை நாளாகப் பார்த்துப் பார்த்து எனக்கு எதுவுமே நிச்சயமாக இல்லை. அழிக்கவில்லை என்பதுகூட. "தெரியலீங்க சார். நானே ஏதாச்சும் தெரியாம அமுக்கிட்டனோ என்னமோ. சத்தியமா எனக்கே தெரியலீங்க" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "பாஸ்வேர்டை மாத்தி மரியதாஸ் கிட்டக் குடுத்துருங்க ஜேசுதாஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து, கோட்டுக்குக் குரல் கொடுத்தார்.

கண்ணம்மாள் கோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, இஸ்திரி போட்டியா?"

"இல்லீங்க, காய வெச்சனுங்க."

"இந்த மழைலயா? அடுப்புலயா வெச்ச? புகை நாத்தமே காணோமே."

"அடுப்புல வெச்சா புகை ஏறிக்குமுங்களே. சாக்கு ரூம்புல பழைய மெசின் இருக்குதுங்கல்ல, அதுக்குப் பொறத்தால சூடாக் காத்து வருமுங்க. அது மேல போட்டனுங்க. அக்கா ஸ்வெட்டரு தெனமும் அங்கதானுங்க காயுது."

ஜேசுதாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அந்தப் பழைய மெசின் ஓடிக்கிட்டா இருக்குதுங்க?"

எல்லாரும் சாக்கு ரூமுக்குப் போனோம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. ஜேசுதாஸ் குனிந்து பெட்டியில் காதை வைத்தான். அதன் நெற்றியில் குங்குமம் காய்ந்து கிடந்தது, தலையில் கருகிப்போன சாமந்தி மாலை. முன்னால் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டைமேல் என் ஸ்வெட்டர்.

"அடக் கடவுளே" என்று ஜேசுதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒயரை அன்னைக்கே நான் புடுங்கியிருக்கோணுங்க."

எங்களுக்கு விளங்கும்படி அவன் சொன்னது இதுதான். கரடியூரில் போய்ப் பெரியண்ணன் என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா? அதுபோல இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர். காலையில் எங்கள் மெசினைப் போட்டதும் அது சர்வரைக் கூப்பிடும். எந்தப் பெட்டி முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதில்தான் அன்றைக்கு வேலை. கரண்ட் போய் வந்தால் மறுபடி கூப்பிடும், பழையதும் தானாக எழுந்துகொள்ளும், அப்போது மற்றது முந்தும். அடித்ததில் பாதி இங்கே, பாதி அங்கே. ஒன்றும் அழியவில்லை. ஒருத்தரும் அழிக்கவில்லை.

மரியதாஸ் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தான். நான் கையை அசைத்து வேண்டாம் என்றேன்.

மேனேஜர் கண்ணம்மாளிடம் பாய்ந்தார். "உன்னை யாரு இதைப் போடச் சொன்னது? எத்தனை பேரோட வேலை நாசமாச்சு தெரியுமா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும், இதற்குக் காரணமானவர் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தவள் நான். இப்போது கிடைத்தது இவள். தினமும் என் முதுகுக்குச் சூடு கொடுத்தவள்.

"நீங்கதானுங்க சார் போடச் சொன்னீங்க" என்றேன் நான்.

"நானா?"

"ஆயுத பூஜை அன்னைக்கு. ஒரு மெசினையும் விட்டுறாதீங்க, எல்லாத்தையும் ஓட்டிருங்கன்னு பொரி தின்னுக்கிட்டே சொன்னீங்க. நாங்கெல்லாம் பழசை மறந்துட்டோம். இவ மறக்கலை. நிறுத்துன்னு யாரும் சொல்லலை, நிறுத்தலை."

மேனேஜர் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பெரியண்ணன் மெதுவாக, "சொன்னீங்க சார். நானும் கேட்டனுங்க" என்றார்.

"சரி, விடுங்க" என்றார் மேனேஜர். "பாஸ்வேர்டு உங்ககிட்டயே இருக்கட்டும். சேலம் எல்லாம் வர வேண்டாம்."

விடுவேனா நான்? எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது, அது வந்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "எல்லாரும் இருக்கறப்பத்தான் சார் என்னைக் கேட்டீங்க. எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிருங்க."

"உங்க மேல தப்பு இல்லீங்க" என்றார் கடைசியில்.

"இவ மேலயும் இல்லைன்னு சொல்லுங்க."

அவர் தன் கோட்டுக் கையைத் தடவிப் பார்த்தார். அது இன்னும் சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும். "இவங்க மேலயும் இல்லீங்க" என்றார்.

ஜேசுதாஸ் ஒயரைப் பிடுங்கினான். பழையதில் இருக்கும் பாதி வேலையை எடுத்துப் புதியதில் சேர்க்க அன்றைக்குப் பொழுது சரியாகிவிட்டது. கிளம்பும்போது கண்ணம்மாள் ஸ்வெட்டரை நீட்டினாள். மேனேஜர் கோட்டுக்கு இடம் விட வேண்டி அதைப் பாதியில் எடுத்துவிட்டாளாம். "ஒரு கை மட்டும் சரியாக் காயலீங்க்கா" என்றாள்.

"கிடக்குது போ" என்று சொல்லி, ஈரக் கையோடு அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.