தொண்ணூற்று நான்கு செவ்வாய்க்கிழமைகள்

ராமோனா ஹென்ஷா ஒரே ஆளை அறுபத்து மூன்று தடவை கல்யாணம் செய்திருக்கிறாள் என்பது, அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ள உரிமம் வாங்கப் போன அன்று காலையில்தான் தெரியவந்தது. அது ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை. பெல்ஃபோர்ட் கவுண்டி அலுவலகத்தில் அன்று ஏசி ஓடவில்லை. பதிவாளர் யூனிஸ் டிராப் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் பதிவேட்டைப் புரட்டினார். ராமோனாவுக்கு முப்பத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் பக்கத்தில் நின்றவர் வெண்டல் ஸ்ட்ரூப், காரேஜ் கதவுகள் விற்பவர். ஆகஸ்டில் ஏரிக்கரையில் கல்யாணம் என்று அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. யூனிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சேம்மா" என்றார். "எப்ப?" என்றாள் ராமோனா. "எதைச் சொல்ல? அறுபத்து மூணு இருக்கு. எல்லாம் மெர்ல் பிக்கெட்டோட." ராமோனாவுக்கு மெர்ல் பிக்கெட் என்று யாரையும் தெரியாது. அதைச் சொன்னபோது வெண்டல் நம்பினார். அவர் நல்ல மனிதர்.

தேதிகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. எல்லாமே செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் சனி, ஞாயிறு. எல்லாமே பிற்பகல் மூன்று மணி. எங்கள் ஊருக்கு வெளியே ஓக் மரங்களுக்கு நடுவே எட்டு வாரம் நடக்கிற மறுமலர்ச்சித் திருவிழாவின் நாட்கள் அவை. அந்த வேலிக்குள் போனால் எல்லாரும் நானூறு வருடம் பின்னால் போன மாதிரி உடுத்துவோம், வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடிப்போம், இலக்கண சுத்தமாகப் பேசுவோம். உள்ளே யாரும் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடக்கூடாது என்பது விதி. ராமோனா நான்கு வருடமாக அங்கே சலவைக்காரி மார்ஜரியாக நடித்தாள். போரில் தோற்றுத் திரும்பும் சர் பாஸ்டியன் அவளுடைய சலவைத் தொட்டிக்குள் விழுவார். "நங்காய்! மூன்று போர்களில் வாளை இழந்தோம், இரண்டில் குதிரையை இழந்தோம், இன்று இத்தொட்டியில் காலணியையும் இழந்தோம்!" என்பார். அவள் ஈரத் துணியால் அவரை நாலு அடி அடித்து, "இழப்பதற்கு வேறொன்றும் இல்லையெனில் இத்துணிகளைப் பிழியும், வீரரே!" என்பாள். கடைசியில் துறவி வேடம் போட்ட பிளம்பர் ஒருவர் இருவருக்கும் மணம் முடித்துவைப்பார். வருடத்துக்குப் பதினாறு காட்சி. ஒரு ஞாயிறு மட்டும் மழை. அறுபத்து மூன்று சரியாக இருந்தது.

இதையெல்லாம் எழுதியது யார் என்று வெண்டல் கேட்டார். யாரும் எழுதவில்லை, அந்த மாதங்களில் திங்கட்கிழமை காலை பதிவேட்டைத் திறந்தால் இரண்டு வரி கூடுதலாக இருக்கும், முத்திரையோடு, மை காய்ந்து, என்றார் யூனிஸ். தான் வேலைக்கு வந்ததிலிருந்து கூரையும் ஒழுகுகிறது, இதுவும் நடக்கிறது, இரண்டைப் பற்றியும் மேலே எழுதிப் போட்டாயிற்று.

மெர்ல் பிக்கெட் நாற்பத்தொரு வயதுக்காரர், மெயின் ஸ்ட்ரீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சர் பாஸ்டியனின் கவசமும் ஒட்டுத்தாடியும் இல்லாமல் ராமோனா அவரை முதன்முதலாகப் பார்த்தது நீதிபதி ஆல்வின் க்ரோவின் அறையில்தான். சேதி கேட்டு அவருக்கு அவளைவிடக் குழப்பம். "நாங்க நடிச்சோம் ஐயா" என்றார். நீதிபதி கேட்டார், "சம்மதம்னு சொன்னீங்களா இல்லையா?" "சொன்னோம்." "எத்தனை பேர் கேட்டாங்க?" "ஒரு முந்நூறு பேர் இருக்கும்." "அப்ப சாட்சிக்குக் குறைச்சல் இல்ல." எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் ரத்து செய்துவிடக் கூடாதா என்று ராமோனா கெஞ்சினாள். அறுபத்து மூன்று கல்யாணம் என்றால் அறுபத்து மூன்று வழக்கு, சேர்த்துக் கட்டி உடைத்தால் எதை உடைத்தேன் என்று எனக்கே தெரியாது என்றார் க்ரோவ். வாரத்துக்கு ஒன்று, செவ்வாய்க்கிழமை பத்து மணி. ஒவ்வொரு தடவையும் இருவரும் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும், சத்தியம் பண்ணி. சொன்ன குறையைத் திருப்பிச் சொல்லக்கூடாது.

முதல் வாரமே சிக்கல். ராமோனா, "இவர் என் தொட்டிக்குள்ள விழறார்" என்றாள். மெர்ல், "இவங்க என்னைத் துணியால அடிக்கறாங்க" என்றார். அதோடு இருவரிடமும் சரக்கு தீர்ந்துவிட்டது. அறிமுகமே இல்லாத ஒருவரிடம் அதற்குமேல் என்ன குறை காண்பது? அதனால் செவ்வாய்தோறும் எட்டு மணிக்கு, அவள் பேருந்தில் வரும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்ததும், நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் சந்தித்து, ஒருவரிடம் ஒருவர் குறை தேடுவது என்று முடிவானது. வெண்டலும் சரி என்றார். ஏரிக்கரைக் கல்யாணம் தள்ளிப்போனது. ருசி பார்க்காமலே உப்புப் போடுகிறாள் என்று மெர்ல் கண்டுபிடித்தார். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் மூக்குத்தண்டைப் பார்க்கிறார் என்று ராமோனா கண்டுபிடித்தாள். அது தொழில் தோஷம் என்று அவர் வாதாடிப் பார்த்தார், நீதிபதி ஏற்கவில்லை. சூப்பை ஊதிக்கொண்டே இருப்பார், குடிக்க மாட்டார் என்பது ஏழாவது கல்யாணத்தை முறித்தது. அவர் சொல்லும் வேடிக்கைக்கு அவள் அடுத்த நாள்தான் சிரிக்கிறாள் என்பது எட்டாவதை.

செப்டம்பர் வந்தது. வேறொரு பெண்ணை மார்ஜரியாகப் போடலாம் என்று திருவிழா மேலாளர் யோசனை சொன்னார். "போட்டா அது இருதார மணம், மெர்லை உள்ள தள்ளிடுவேன்" என்றார் நீதிபதி. அப்படியானால் காட்சியே வேண்டாம் என்று முதல் சனிக்கிழமை மேடையை மூடினார்கள். அன்று மூன்று மணிக்கு, காட்சி பார்க்க வந்து உட்கார்ந்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தாங்கள் யாருடன் வந்தோம் என்பது மறந்துபோனது. பெயர், வீடு, வேலை எல்லாம் நினைவிருந்தது. கூட வந்த ஆள் யார் என்பது மட்டும் இல்லை. வண்டி நிறுத்தும் புல்வெளியில் சாவியோடு நின்று, எதிரே வந்தவரிடம் "நீங்க எங்க ஆளா?" என்று மரியாதையாகக் கேட்டு, "இருக்கலாம்" என்று பதில் வந்தால் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரையும் அவரவர் வீட்டில் சேர்க்கப் புதன்கிழமை ஆயிற்று. இரண்டு குடும்பங்கள் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டன. மேடையை மூடியதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே காட்சியைத் திரும்ப நடத்தினார்கள், அதன்பின் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆக, அந்த எட்டு வாரமும் வாரக் கடைசியில் கூடுவதும் செவ்வாய்க்கிழமை ஒன்று குறைவதுமாக, பதினைந்து சேர்ந்தது, எட்டுக் கழிந்தது. ராமோனாவுக்குத் தலை சுற்றியது. முன்பெல்லாம் மேடையில் "உம்மை மணந்தோம்" என்பதை அவள் அடுத்த காட்சிக்குப் பாவாடை காயுமா என்று யோசித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். இப்போது அந்த இடம் வந்தால் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். அது பயமா, எரிச்சலா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை விலகி வந்த பிறகு புதன்கிழமை பேருந்தை ஓட்டும்போது, தான் இன்று யாருடைய யார் என்று சிவப்பு விளக்கில் நின்று யோசிப்பாள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

குளிர்காலத்தில் மெர்லுக்குக் குறைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. மூன்று வாரமாக அவர் கடைசி நிமிடத்தில் எதையாவது சொல்லி ஒப்பேற்றினார். ஒருமுறை அவளுடைய கோட்டைக் குறை சொல்லி நீதிபதியிடம் திட்டு வாங்கினார். ராமோனா இதை வெண்டலிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். உதவி செய்கிற எண்ணத்தில்தான் வெண்டல் பேனாவை எடுத்தார். காபி ஆறுவதற்குள் அவளுடைய குறைகள் நாற்பதை எண் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதி முடித்துவிட்டார். எங்கும் நிறுத்தி யோசிக்கவில்லை. ராமோனா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

மெர்ல் அந்தத் தாளை உணவகத்தில் இரண்டு தடவை படித்தார். "இதுல பாதியை நான் பார்த்ததே இல்லையே" என்றார். "அதனால என்ன? அப்படியே சொல்லுங்க." "பார்க்காம எப்படிங்க சத்தியம் பண்றது?" அதனால் ஒவ்வொன்றையும் அவர் நேரில் பார்க்க வேண்டியதாயிற்று. ஐஸ் கட்டியைப் பல்லால் கடிப்பாள் என்ற ஆறாம் எண்ணுக்காக மேசைக்கு ஒரு கோப்பை ஐஸ் வந்தது. ரேடியோவோடு சேர்ந்து வார்த்தைகளைத் தப்பாகப் பாடுவாள் என்ற பதினோராம் எண்ணுக்காக அவர் கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் இறங்கிய காலிப் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்று சுற்றினார். "தப்பாத்தான் பாடறாங்க ஐயா," என்று சாட்சி சொன்னார், "ஆனா சத்தமா." நீதிபதி, "சத்தமாப் பாடறது தனிக் குறையா, இல்ல இதுலயே சேர்த்தியா?" என்று கேட்டார். மெர்ல், "அது குறையில்லங்க" என்றார். ராமோனா அன்று தன் குறையைச் சொல்ல மறந்து, எழுத்தர் இருமிய பிறகுதான் எழுந்தாள்.

இப்படியே இன்னொரு திருவிழா வந்து பதினாறைச் சேர்த்துவிட்டுப் போனது. வெண்டல் பொறுமையாகக் காத்திருந்தார். முதல் கோடையில் அச்சடித்த அழைப்பிதழ்களில் தேதியைத் திருத்தித் திருத்தி, கடைசியில் புதிதாகவே அச்சடித்தார். அடுத்த மே மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொண்ணூற்று நான்காவதும் கடைசியுமான கல்யாணம் முறிந்தது. குறைகள் மிகச் சின்னவையாக இருந்தன. அவர் குடையை மடிக்கும் விதம், அவள் பொத்தான் போடும் வரிசை. உத்தரவு கிடைத்ததும் இருவரும் படியில் நின்றார்கள். "அப்ப சரி" என்றார் மெர்ல். "சரிங்க" என்றாள் ராமோனா. அவர் இடது பக்கம் போனார். அவள் பேருந்தை எங்கே நிறுத்தினாள் என்று கால்மணி நேரம் தேடினாள். மஞ்சள் நிறத்தில், முப்பத்தைந்து அடி நீளத்தில், அது கண்ணெதிரேதான் நின்றது.

வெள்ளிக்கிழமை வெண்டலும் அவளும் உரிமம் வாங்கப் போனார்கள். யூனிஸ் பதிவேட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டி, சனி ஞாயிறுகளையெல்லாம் விரலால் தடவிப் பார்த்து, தலையாட்டினார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க ஒண்ணு இருக்கே" என்றார். "இருக்காது" என்றார் வெண்டல். "பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. இடம், உணவகம், ஜன்னலோர மேசை. ராமோனா ஹென்ஷா, மெர்ல் பிக்கெட்." முத்திரை இருந்தது. மை காய்ந்திருந்தது.

வெண்டல் அவளைப் பார்த்தார். "அன்னிக்கு என்ன சொன்னீங்க ரெண்டு பேரும்?"

ராமோனா நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். பனி பெய்த நாள் அது. முட்டை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மெர்ல், "உங்க கண்ணாடி கோணலா இருக்கு, கொடுங்க" என்றார். அவள் கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே எல்லாம் புகை மாதிரி. அவர் கம்பியைக் கொஞ்சம் வளைத்து, எழுந்து வந்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் மாட்டிவிட்டு, முகத்தை நேராகப் பார்த்தார், மூக்குத்தண்டை அல்ல. "இப்ப?" என்றார். "தெரியுது" என்றாள். அவ்வளவுதான்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள் வெண்டலிடம். "முட்டை சாப்பிட்டோம்."

வெண்டல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "அந்த லிஸ்ட்டை நான் எழுதியிருக்கக் கூடாது."

"அதனால இல்ல வெண்டல்."

"பின்ன எதனால?"

"தெரியல. சத்தியமா எனக்கே தெரியல."

யூனிஸ் இதைக் கேட்காத மாதிரி விசிறிக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான், வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போட்டுக்கொடுக்கட்டுமா என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் குறித்துவைத்தார். வெண்டல் அவளைப் பேருந்து வரை கூட்டிப் போய், கைகொடுத்துவிட்டு, தன் காரில் ஏறி, ஏறிய பிறகும் நெடுநேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். கோடைக்குப் பிறகு அவர் டோலிடோ பக்கம் போய்விட்டார். அங்கே கதவு வியாபாரம் நன்றாக நடப்பதாகக் கேள்வி.

ராமோனா நேரே மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போனாள். நான்கும் இரண்டும் ஆறு வருடத்தில் அவள் அந்தக் கடைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. மெர்ல் ஒரு பெரியவரின் காதில் சட்டத்தை மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடிகள், அவளை எல்லாப் பக்கமும் காட்டின.

"மெர்ல்," என்றாள். "நமக்குக் கல்யாணம் ஆயிருக்கு."

"செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கே."

"திருவிழாவுல இல்ல. பிப்ரவரியில. முட்டை சாப்பிட்டோமே, அன்னிக்கு."

பெரியவர் திரும்பப் பார்த்தார். மெர்ல் அவர் தலையை மெதுவாக நேரே பிடித்துவைத்தார். மெர்லுக்குக் காது சிவந்திருந்தது. "பனி பெஞ்சதே, அந்தச் செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா."

"எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரி இருந்தது," என்றார் மெர்ல். "வயித்துக் கோளாறுன்னு நெனச்சு மருந்து குடிச்சேன்."

ராமோனா சிரித்தாள், அப்போதே, அடுத்த நாள் வரை காத்திருக்காமல். "இப்ப என்ன பண்றது?"

"தெரியலயே. நீங்களே சொல்லுங்க." பிறகு, "உட்காரு," என்றார். "இவருக்கு முடிச்சுட்டு வர்றேன்."

அவள் உட்கார்ந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீதிபதி க்ரோவ் பத்து மணிக்குக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்தேகால் வரை பார்த்தார். பிறகு எதிர்ச் சாளரம் வழியாக உணவகத்தின் ஜன்னலோர மேசையில் இருந்த இருவரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கோப்பை மூடி, வேலித் தகராறு ஒன்றைக் கூப்பிடச் சொன்னார்.