குழிகளை வாழ்த்தியவன் பெயர்

எங்கள் வீட்டில் அக்காவிடம் எதையும் சட்டென்று கேட்டுப் பதில் வாங்கிவிட முடியாது. செய்தி அனுப்பும் செயலி ஒன்றை நடத்தும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. இந்த எண் யாருடையது, இந்த ஆள் நேற்று எங்கே இருந்தான் என்று அரசு அலுவலகங்கள் கேட்டு எழுதும். எந்தச் சட்டம், என்ன குற்றம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அக்கா திருப்பிக் கேட்பாள். பாதிப் பேர் அத்தோடு அடங்கிவிடுவார்கள். மிச்சப் பேருக்கும் கேட்டதற்கு மேல் ஓர் எழுத்துகூடத் தரமாட்டாள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "உன் தம்பி எங்கடி போனான்?" என்று அம்மா கேட்டால், "எப்போ?" என்பாள். அம்மாவும் நாளடைவில் தேறிவிட்டாள். "காலேஜ் விட்டதுலேர்ந்து வீட்டு வாசல் மிதிக்கிற வரைக்கும்" என்று எல்லை கட்டிக் கேட்பாள். அக்கா அதற்கு மட்டும் பதில் சொல்வாள். எல்லைக்கு வெளியே நான் செய்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. இப்படியோர் அக்கா எல்லாத் தம்பிகளுக்கும் வாய்ப்பதில்லை.

அக்காவுக்கே தெரியாமல் பத்திரமாக இருந்தது ஒன்று உண்டு. அவள் நிறுவனத்துச் செயலியிலேயே 'குழி நலம்' என்று ஒரு பக்கம் நடத்திவந்தேன். சாலைக் குழிகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது அதன் பணி. 'நூலக முனைக் குழிக்கு இன்று மூன்று வயது நிறைகிறது. போன மழையில் பக்கத்துக் குழியோடு பழக ஆரம்பித்தது. இப்போது இருவரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.' இந்த ரகம். அக்கா பல் துலக்கிக்கொண்டே இதைப் படித்துச் சிரிப்பாள். இவனுக்கு எவ்வளவு மூளை பார், நீயும் இருக்கிறாயே என்று என்னிடமே சொல்வாள். பாராட்டை வாங்கிக்கொள்ளவும் வழியில்லை, திட்டை மறுக்கவும் வழியில்லை.

பெயரை மறைத்ததற்குக் காரணம் அடக்கம் அல்ல, அம்மா. சாலைத் துறை அலுவலகத்தில் அவள் தட்டச்சர். அவளுடைய அதிகாரிக்கு என் பக்கத்தைக் கண்டாலே ரத்தம் கொதிக்கும். எழுதுவது தட்டச்சரின் பிள்ளை என்று தெரிந்தால், மறுநாளே அம்மாவை ஊர்க்கோடிக் கிளைக்குத் தூக்கியடித்துவிடுவார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அவள் முழங்கால் ஒரு பஸ்ஸுக்கே ஒத்துழைப்பதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா பெருமையோடு சொன்னாள். 'குழி நலம்' ஆளைப் பிடிக்க அதிகாரி ரகசியக் கடிதம் எழுதியிருக்கிறாராம். வேறு யாரையும் நம்பாமல் இவளிடம்தான் தட்டச்சு செய்யக் கொடுத்தாராம். "உங்க ஆபீஸுக்குத்தான் போயிருக்கு. சீக்கிரம் பதில் போடச் சொல்லேன்" என்றாள்.

வீட்டில் ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்று அக்கா தட்டைப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் புரையேறியது. அம்மா என் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்றாள்.

கோரிக்கை வந்தால் சம்பந்தப்பட்டவருக்கு முதலில் தெரிவிப்பது அக்கா அலுவலக வழக்கம். மறுநாளே என் பக்கத்துக்கு அறிவிப்பு வந்தது. உங்கள் விவரங்களை ஓர் அரசு அலுவலகம் கேட்டிருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் எழுதலாம், பதற வேண்டாம், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கவும். இந்தக் கடைசி வரியை உலகத்தில் ஒருத்திதான் எழுதுவாள். என் பெயர் வெளியே போனால் வீட்டில் ஒருவருக்கு வேலையில் தொல்லை வரும் என்று பதில் எழுதினேன். வாழ்க்கையில் முதன்முறையாக நகைச்சுவை கலக்காமல் எழுதியது அதுதான்.

அதன் பிறகு நடந்தது, எல்லாம் முடிந்தபின்தான் எனக்குத் தெரியவந்தது. பக்கத்தைத் தொடங்கியவரின் பதிவு விவரத்தைத் திறந்து பார்த்த அக்கா அதில் தன் பெயரையே கண்டிருக்கிறாள். நான் காலேஜில் சேர்ந்தபோது என் சிம்மைத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். இருவருமே மறந்துவிட்டோம். நேராக மேலாளரிடம் போய், இந்தக் கோப்பை நான் தொடக்கூடாது, எண் என் பெயரில் இருக்கிறது, எழுதுவது நானில்லை, யார் என்று இப்போது தெரியும் என்றிருக்கிறாள்.

"யாரு?"

"எழுத்துல கேளுங்க சார்."

மேலாளர், தான் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிக் கோப்பை வாங்கிக்கொண்டார். கடிதத்தில் குற்றம் என்ன என்றே இல்லை. போதாக்குறைக்கு, பக்கத்தைப் படிக்கிறவர்கள் அத்தனை பேரின் விவரத்தையும் அதிகாரி கேட்டிருந்தார். அந்தக் கணக்கில் அம்மாவும் அடக்கம். மேலாளர் முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அம்மா வாடிய முகத்தோடு வந்தாள். உன் மகள் அங்கேதானே இருக்கிறாள், முறையாக எழுதுவது எப்படி என்று கேட்டு வா என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள். அக்கா மறைக்கவில்லை. யார் கேட்டாலும் இதைச் சொல்வதுதான் அவள் வேலை. குற்றம் என்ன, எந்தச் சட்டப் பிரிவு என்று குறிப்பிட வேண்டும். கேட்கும் அதிகாரியின் சொந்தப் பெயர், பதவி, தொலைபேசி எண் வேண்டும். பிரதி ஒன்று அந்தப் பக்கத்துக்காரருக்கும் போகும். "அப்படிச் சரியா வந்துட்டா, பேரைக் கொடுத்துத்தான் ஆகணும்மா."

அம்மா மனதில் குறித்துக்கொண்டாள். பிறகு பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்து, என்னைக் காட்டி அக்காவிடம் கேட்டாள்.

"நீ ஏன்டி அவனைப் பாக்கவே மாட்டேங்கறே?"

"பாக்கலையே."

"அதத்தான் கேக்கறேன்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அம்மா, வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடு. எனக்குத் தெரிஞ்சா நான் அதையும் டைப் பண்ணணும்" என்று சொல்லி, நான் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

அடுத்த நாள் முழுக்க எனக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலம் அம்மா வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அக்கா சொன்னதை ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து அதிகாரியிடம் நீட்டியிருக்கிறாள். அவர் பெயருக்கும் எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டிருந்தாளாம். பிறகு அம்மா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டினாள்.

"எவன்னே தெரியாதவன்கிட்ட என் பேரு, என் நம்பரா? அதெல்லாம் என் சொந்த விஷயம்மா."

கடிதத்தை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, வேறு வேலை இருந்தால் பார் என்றாராம்.

அக்கா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அவ ஆபீஸ் விஷயம், அவ சிரிக்கறா. உனக்கு என்னடா சம்பந்தம் இதுல?" என்றாள் அம்மா.

ஒன்றுமில்லை என்றேன்.

"அப்போ போய் எனக்கு வெந்நீர் வை. கால் வலிக்குது."