பெருச்சாளியின் வில்லை

எவ்வளவு தேய்த்தும் கணவனின் நகக்கண்ணிலிருந்த களிமண் போகவில்லை. ஆற்றுக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறவனுக்கு அது கூடப் பிறந்த நிறம் போல ஒட்டிவிட்டிருந்தது. நேற்று வேலை நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனை மேலே தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஈரத்துணியை மடித்து மறுபடி தேய்த்தாள்.

"போதும், விடும்மா" என்றாள் மகள்.

"சும்மா இரு. இப்படியேவா அனுப்புறது?"

சுரங்கத்து மேஸ்திரி காலையிலிருந்தே வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மனிதர் எதையோ மென்று விழுங்கினார்.

"என்னண்ணே? சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

"தங்கச்சி... வில்லை இன்னும் அங்கேயே தொங்குது."

சுரங்க வாயிலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு பித்தளை வில்லை. இறங்கும்போது 'உள்ளே' பக்கம் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் 'வெளியே' பக்கம் மாற்ற வேண்டும். ஒருவன் வில்லையை இன்னொருவன் தொடக் கூடாது. வேலை முடிந்தும் ஒரு வில்லை 'உள்ளே' பக்கம் நின்றுவிட்டால், அந்த ஆள் வரும்வரை தோண்டும் மெஷினை மறுபடி ஓட்டக் கூடாது. அந்தப் பைத்தியம் முற்றிப்போய் வீட்டுக் கதவருகிலும் ஆணிகள் அடித்து, தாயும் மகளும் சாவியை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லிப் பிராணனை வாங்கியவன் அவள் கணவன். 'நம்ம வீட்டுக்குள்ள ஆறா புகுந்துடப் போகுது?' என்று அவள் கேலி பண்ணாத நாளில்லை.

இப்போது சுரீரென்று கோபம் வந்தது. "பொணம் நடுவீட்டுல கிடக்கு. உங்களுக்கு மெஷின் ஓடலைன்னு கவலை!"

"ஆபீஸ்ல அப்பவே மாத்திடுன்னு சொல்லிட்டாங்க, தங்கச்சி. பலகைகிட்டப் போனேன், கை வரல. பெருச்சாளி உள்ள இருக்கான்னு அது சொல்லுது. அவனை உள்ள விட்டுட்டு ஓட்ட எங்கள்ல ஒருத்தனுக்கும் மனசு வரல. நீ வந்து எடுத்தாதான் சரி."

அவள் ஈரத்துணியைப் பிழிந்து வைத்தாள். அந்தப் பலகையிலாவது அவன் இன்னும் வேலை முடித்து வீடு திரும்ப வேண்டிய ஆளாக இருந்தான். அதையும் அவள் தன் கையாலேயே முடித்துவைக்க வேண்டும்.

"சுடுகாட்டுக்குப் போற வழியில வண்டியை அங்க நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் கடைசியில்.

சுரங்க வாயிலில் தொப்பிகளைக் கையில் பிடித்தபடி எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். 'உள்ளே' பக்கம் ஒரே ஒரு வில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்த கூட்டாளிகளுக்குப் பதிலடியாக அவன் அதில் ஆணியால் ஒரு பெருச்சாளியைக் கீறி வைத்திருந்தான். அது வால் முளைத்த பூசணிக்காய் மாதிரி இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும்.

வில்லையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மகள் முழங்கையைத் தொட்டாள்.

"என்னிக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கே" என்று முணுமுணுத்து, மற்ற வில்லைகளோடு அதை 'வெளியே' பக்கம் மாட்டினாள்.

மேஸ்திரி தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் வில்லையை எடுத்து 'உள்ளே' மாட்டினார். பிறகு அடுத்தவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர், கடைசி ஆள்வரை.

வண்டியில் ஏறப்போனவள் திரும்பிப் பார்த்தாள். 'வெளியே' பக்கம் அது மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.